எண்ணெய் குடித்த வெண்கலம்

உலோகத்தை உருக்கி வார்ப்பதையே ஜீவனமாகக் கொண்டவர் எவரைக் கேட்டாலும், வார்ப்பினுள்ளே கண்ணுக்குப் புலப்படாமல் தங்கிவிடும் காற்றுத் துளையைப் போல் தம் தொழிலுக்குச் சத்துரு வேறில்லை என்றுதான் சொல்வார். சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதிக்கும், கப்பலின் சுழல்விசிறியை வார்க்கும் மேனாட்டு ஆலைக்காரருக்கும் இந்த அச்சம் பொதுவானது. துளை விழுந்த இடத்தில் உலோகம் பலவீனப்படுகிறது, பாரம் ஏறினால் அங்கேதான் முதலில் விரிசல் காண்கிறது. ஆயினும், இவ்வளவு அஞ்சத்தக்க அத்துளைகளையே ஒரு வெண்கலத் துண்டினுள், அதன் மொத்தக் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு வேண்டுமென்றே உண்டாக்கி, அவற்றை எண்ணெயால் நிரப்பி, அந்தக் குணத்துக்காகவே அதை விற்கும் கைத்தொழில் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றி, இன்று உலகமெங்கும் வேரூன்றி நிற்கிறது. அந்தத் துண்டின் சரித்திரமும் அதன் சூக்ஷ்மமும் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பார்வைக்கு அது அப்படியொன்றும் பிரமாதமான வஸ்து அல்ல. சுண்டுவிரல் நுழையத்தக்க சிறு குழல். அதன் ஒரு முனையில் வெளிப்புறமாக விரிந்து நிற்கும் வட்டமான விளிம்பு. மங்கிய செம்பழுப்பு நிறம். கையிலெடுத்தால் விரல் நுனியில் இலேசாக ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. பட்டறைகளில் இதைக் காலர் புஷ் என்று கேட்டு வாங்குவார்கள். செய்முறை தெரிந்தவர்கள் சின்டர் புஷ் என்பார்கள். அச்சு யந்திரத்தில் காகிதத்தை நகர்த்தும் உருளை, பொட்டலம் கட்டும் யந்திரத்தின் சிறு சக்கரங்கள், தையல் யந்திர மோட்டார், இலேசான பெட்டிகளைச் சுமந்து செல்லும் பட்டையின் உருளைகள் என்று, மிதமான பாரத்தோடு ஓயாமல் சுழலும் தண்டு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் இது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பால் பேரிங்கில், தண்டுக்கும் கூட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருண்டு பாரத்தைத் தாங்குகின்றன. இங்கே உருள்வதற்கென்று ஒன்றும் இல்லை. எஃகுத் தண்டு வெண்கலச் சுவரின்மேல் வழுக்கிக்கொண்டே சுற்றுகிறது. வழுக்குவதென்றால் நடுவில் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் அங்கே என்ன செய்கிறது என்பதை 1880களுக்கு முன் எவரும் சரிவர அறிந்திருக்கவில்லை.

அதை வெளிப்படுத்திய பரிசோதனை இங்கிலாந்தில் நடந்தது. அந்நாட்டு மெக்கானிகல் எஞ்சினியர்கள் சங்கம் உராய்வைப் பற்றி ஆராயும்படி பீச்சம் டவர் என்பவரை நியமித்தது. அவர் ரயில் வண்டி அச்சைப் போன்ற 4 அங்குல விட்டமுள்ள ஓர் எஃகுத் தண்டைக் கிடையாக அமைத்து, அதன் முதுகின்மேல் ஒரு பித்தளைத் தாங்கியைக் கவித்துப் பாரம் ஏற்றி, தண்டின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்திருக்குமாறு செய்து சுழற்றினார். ஒரு சமயம், எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை இட்டுவிட்டு யந்திரத்தை ஓட்டியபோது, மேலிருந்து கீழே இறங்க வேண்டிய எண்ணெய் கீழிருந்து மேலே பொங்கி வழிந்தது. தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்தாலான அடைப்பை இறுக்கினார். அதற்கும் அதே கதி நேர்ந்தது. பின்னர் அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்துக்குச் சராசரியாக 100 ராத்தல் பாரமே ஏற்றப்பட்டிருந்த அந்த இடத்தில், முள் 200 ராத்தலைத் தாண்டி நின்றது. சுழலும் தண்டு தன்னோடு எண்ணெயை இழுத்துச் சென்று, குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் அதைச் செலுத்தி, அங்கே உண்டாகும் அழுத்தத்தால் முழுப் பாரத்தையும் எண்ணெயின்மேலேயே மிதக்கவிடுகிறது என்பதும், உலோகமும் உலோகமும் தொடாமலே ஒரு தாங்கி வேலை செய்ய முடியும் என்பதும் அப்போதுதான் தெளிவாயிற்று. டவரின் அறிக்கை 1883ல் வெளிவந்தது. மூன்று வருஷங்களுக்குப் பின் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் அதற்குக் கணித ரூபம் கொடுத்தார். ஒரு மரத்தக்கை பிடிவாதமாக வெளியேறியதிலிருந்து ஒரு சாஸ்திரம் பிறந்தது என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

ஆனால் டவரின் தாங்கிக்கு எண்ணெய்த் தொட்டி இருந்தது. பெரிய யந்திரங்களுக்கும் பம்பு, குழாய், தொட்டி ஆகியவற்றோடு எண்ணெய் ஊட்டிவிடலாம். ஒரே சட்டத்துக்குள் முப்பது நாற்பது சிறு தண்டுகள் சுழலும் இலேசான யந்திரங்களில் அவ்வளவு ஆடம்பரத்துக்கு இடமேது? அந்தத் தண்டுகள் ஒவ்வொன்றுக்கும் சிறு துளையிட்டு, எண்ணெய்க் குப்பியோடு ஓர் ஆளை நியமித்து, குறித்த வேளையில் இரண்டிரண்டு துளி விடச்செய்வதே வெகுகாலம் வழக்கமாயிருந்தது. அவர் மறந்தால் தண்டு தேய்ந்தது. ஞாபகம் மிகுந்து நாலு துளி சேர்த்து விட்டால் நெய்த துணியிலும் அச்சிட்ட காகிதத்திலும் கறை படிந்தது. உழைப்பாளியின் கவனத்தை நம்பி ஓடும் யந்திரம் அந்தக் கவனம் தவறும் நாளில் நின்றுபோவது திண்ணம். ஆகவே எண்ணெயைத் தன்னுடனேயே சுமந்து செல்லும் தாங்கி ஒன்று வேண்டும் என்ற ஆசை எஞ்சினியர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

இயற்கை ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் லிக்னம் வீட்டே என்னும் மரம் தண்ணீரில் அமிழ்ந்துபோகும் அளவுக்குக் கனமானது. அதன் உடலெல்லாம் வழவழப்பான பிசின் ஊறியிருக்கும். நீராவிக் கப்பல்களின் சுழல்விசிறித் தண்டைத் தாங்கிய பித்தளை, கடல்நீரில் விரைவில் தேய்ந்து அழிந்துகொண்டிருந்த காலத்தில், ஜான் பென் என்ற ஆங்கிலேயர் 1854ல் இம்மரத் துண்டுகளைப் பதித்த தாங்கிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான அமெரிக்க நாட்டிலஸில்கூட இம்மரம் இடம்பெற்றது. எனினும் அதை வேண்டிய அளவில் வேண்டிய இடத்தில் விளைவிக்க முடியாது. மரத்தின் குணத்தை உலோகத்துக்கு ஏற்றும் உபாயம் வேறொரு திசையிலிருந்து வந்தது.

உலோகத்தை உருக்காமலே, பொடியாக்கி அழுத்திச் சுட்டு உருவம் கொடுக்கும் வித்தைதான் அந்தத் திசை. உலையில் உருகாமல் அடம்பிடித்த பிளாட்டினத்தை இவ்விதமே வசப்படுத்திய வொல்லஸ்டன் என்பவரின் முறை 1829ல் அச்சேறியது. தாங்கிக்கு இதைப் பிரயோகிக்கலாம் என்ற எண்ணம் 1870ல் அமெரிக்காவில் க்வின் என்பவருக்கு உதித்தது. அரத்தால் ராவிய வெள்ளீயப் பொடி 99 பங்குக்குப் பெட்ரோலியம் வடித்தபின் எஞ்சும் கசடு ஒரு பங்கு சேர்த்துச் சூடாக்கிக் கிளறி, அச்சிலிட்டுப் பலமாக அழுத்தினால், வேறு எண்ணெயே வேண்டாத தாங்கி கிடைக்கும் என்று அவர் தம் பட்டயத்தில் எழுதினார். யோசனை சரியானதே, கையாண்ட பொருள்தான் போதவில்லை. பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த யோசனை ஏட்டிலேயே உறங்கிற்று.

அதை எழுப்பியவர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த கில்சன். மின்விளக்கின் டங்ஸ்டன் இழையைப் பொடியிலிருந்து கம்பியாக இழுக்கும் ரகசியத்தை கூலிட்ஜ் என்பவர் கண்டதும் அதே கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில்தான். பொடியோடு பழகிய கைகள் அங்கே நிறைய இருந்தன. தாமிர ஆக்ஸைடையும் வெள்ளீய ஆக்ஸைடையும் கிராபைட்டோடு கலந்து அழுத்திச் சுட்டால், கிராபைட்டின் ஒரு பகுதி ஆக்ஸைடுகளிலிருந்து பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு போய்விட, எஞ்சிய உலோகங்கள் ஒன்றோடொன்று கலந்து வெண்கலமாகும். மிஞ்சிய கிராபைட் அதனுள் சீராகப் பரவி நிற்கும். நடுநடுவே சிறிதளவு எண்ணெய் புகத்தக்க வெற்றிடங்களும் உண்டாகும். 1916ஐ ஒட்டி வந்த இந்தக் கண்டுபிடிப்பை, ஆக்ஸைடுகளை விட்டு உலோகப் பொடிகளையே நேரடியாகக் கலக்கும் எளிய முறையாக 1920களில் திருத்தியவர்கள் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த போகிஹோல்டும் வில்லியம்ஸும். அடுத்து, 1930களின் தொடக்கத்தில் கிறைஸ்லர் மோட்டார் கம்பெனி ஆயிலைட் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விளக்குக் கம்பெனியில் முளைத்தது மோட்டார்க் கார்க் கம்பெனிகளில் காய்த்ததற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே: காரை ஓட்டுகிறவர் எண்ணெய்க் குப்பியோடு அதன் அடியில் படுத்துக் கிடக்க விரும்புவதில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். எடையில் 90 பங்கு தாமிரப் பொடியும் 10 பங்கு வெள்ளீயப் பொடியும், சில வகைகளில் நூற்றுக்கு ஒன்று ஒன்றரை வீதம் கிராபைட்டும், அச்சில் ஒட்டாதிருக்கச் சிறிது ஸ்டியரேட் மெழுகும் சேர்த்துக் கலக்கி, எஃகு அச்சில் கொட்டி மேலும் கீழும் அழுத்துகிறார்கள். அழுத்தி எடுத்த துண்டு புஷ்ஷின் உருவத்தோடு இருந்தாலும் கையால் ஒடித்துவிடக் கூடியது. அதைக் காற்றுப் படாத உலையில் நிதானமாக நகர்த்திச் செல்லும்போது முதலில் மெழுகு ஆவியாகிப் போகிறது. பிறகு 232 பாகை செல்ஷியஸில் வெள்ளீயம் உருகுகிறது. தாமிரமோ 1,083 பாகைக்கு முன் உருகாது. உருகிய வெள்ளீயம் பக்கத்திலுள்ள தாமிர மணிகளைச் சூழ்ந்து, உஷ்ணம் 800 பாகையைக் கடந்து ஏறுகையில் அவற்றினுள்ளேயே சென்று கலந்துவிடுகிறது. வெள்ளீயம் குடியிருந்த இடம் காலியாகிறது. அந்தக் காலியிடமே துளை. பொடிகளின் இடையே முன்னமே இருந்த சந்துகளும் இத்துளைகளும் ஒன்றோடொன்று வழி திறந்துகொண்டு, சுவரின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை இடைவிடாத சுரங்கப் பாதைகளாகின்றன. முழு வெண்கலத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.8 கிராம், இந்தத் துண்டுக்கோ 6.4 முதல் 6.8 வரைதான். பின்பு மறுபடி ஓர் அச்சிலிட்டு அழுத்தி அளவைத் துல்லியமாக்குகிறார்கள். கடைசியில் மூடிய பாத்திரத்தில் வைத்துத் துளைகளிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயை உள்ளே விட்டால், அது வெறுமையான வழிகளிலெல்லாம் தானே பாய்ந்து நிரம்புகிறது.

விளிம்பு வைத்த புஷ்ஷில் ஒரு விசேஷமான சங்கடம் உண்டு. உலோகப் பொடியை அழுத்தும்போது அது திரவத்தைப் போல் பக்கவாட்டில் பாயாது. எந்த இடத்துக்கு மேல் அழுத்துகிறோமோ அந்த இடத்தில் கீழே இறங்குவதோடு சரி. 10 மில்லிமீட்டர் உயரமுள்ள குழலையும் 2 மில்லிமீட்டர் கனமுள்ள விளிம்பையும் ஒரே அச்சில், ஒரே வேளையில் செய்ய வேண்டுமானால், இரண்டுக்கும் அவற்றின் உயரத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பொடி தனித்தனியே நிரம்பியிருக்க வேண்டும். குழலுக்குக் குறைந்தால் குழல் நெகிழ்ந்துபோகும், விளிம்புக்கு மிகுந்தால் விளிம்பு இறுகித் துளைகள் அடைபடும். இரண்டும் சேரும் உள்மூலையோ, அச்சிலிருந்து துண்டை வெளியே தள்ளும் தருணத்தில் விரிசல் காண்பதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். அதனால்தான் அம்மூலையைக் கூராக விடாமல் சற்று வளைவாக வைக்கிறார்கள். புஷ்ஷை ஏற்கும் கூட்டின் வாயையும் அதற்கேற்பச் சரித்துவிட வேண்டும். இவ்வளவு சிரமத்தோடு விளிம்பை ஏன் விரும்புகிறார்கள் எனில், அது மூன்று காரியங்களை ஒருங்கே செய்கிறது. புஷ்ஷைக் கூட்டுக்குள் அளவு தப்பி இறங்காமல் நிறுத்துகிறது; தண்டு நெடுக்குவாட்டில் நகர முயன்றால் தன் முகத்தைக் கொடுத்துத் தாங்குகிறது; தனி வாஷர் ஒன்றை வாங்கிக் கோக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது.

இப்போது, ஓடாமல் நிற்கும் புஷ்ஷினுள் அடங்கிக் கிடக்கும் எண்ணெய், தண்டு சுழலத் தொடங்கியதும் எப்படி வெளியே வருகிறது? உராய்வால் உஷ்ணம் உண்டாகிறது; உஷ்ணத்தால் வெண்கலம் விரிவதைக் காட்டிலும் எண்ணெய் பத்து மடங்குக்கும் மேலாக விரிகிறது; விரிந்த எண்ணெய்க்குத் துளைகளில் இடம் போதாமல் உட்சுவரில் கசிகிறது. யந்திரம் நின்று குளிர்ந்ததும், அகல் விளக்கின் திரி எண்ணெயை ஏற்றும் அதே நுண்குழல் சக்தியால் துளைகள் கசிந்ததில் பெரும்பகுதியைத் திரும்பவும் உறிஞ்சிக்கொள்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதும் எண்ணெய் சும்மா இருப்பதில்லை: தண்டு பாரத்தோடு சாயும் பக்கத்தில் அழுத்தம் மிகுந்து எண்ணெய் சுவருக்குள் புகுகிறது, எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் தணிந்து சுவரிலிருந்து வெளிப்படுகிறது, உள்ளும் புறமுமாக ஓர் ஓயாத சுற்றோட்டம் நடக்கிறது. 1957ல் மார்கனும் கேமரனும் இந்த ஓட்டத்தைக் கணித ரீதியாக ஆராய்ந்து காட்டினார்கள்.

அந்தக் கணிதத்திலிருந்து ஓர் அசௌகரியமான உண்மையும் வெளிப்படுகிறது. விற்பவர்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எண்ணெயைக் கொடுக்கும் அதே துளைகள், எண்ணெய்ப் படலத்தில் அழுத்தம் திரளத் தொடங்கியதும் அதைத் தங்கள் வழியே ஒழுகவும் விடுகின்றன. டவரின் தக்கையைத் தூக்கி எறிந்த அழுத்தம், சுவரெல்லாம் துளையான இந்தப் புஷ்ஷில் முழுமையாக எழும்ப முடியாது. ஆகையால் தண்டு எண்ணெயின்மேல் பூரணமாக மிதப்பது அரிது. பாதி மிதந்தும் பாதி உரசியுமே அது ஓடுகிறது. வெண்கலம் எஃகோடு எளிதில் பற்றிக்கொள்ளாத குணமுடையதாக இருப்பதும், மெல்லிய எண்ணெய்ப் பூச்சு எப்போதும் இருந்துகொண்டிருப்பதும்தான் அந்த உரசலைப் பொறுக்கத்தக்கதாக்குகின்றன. இந்தப் புஷ்ஷை இலேசான வேலைக்கு மட்டும் உரியது என்று ஒதுக்குவதன் முழுக் காரணம் அதன் வலுக்குறைவு மட்டுமன்று, இதுவும் சேர்ந்ததே.

அந்த எல்லையை எஞ்சினியர்கள் ஒரு பெருக்கல் கணக்கால் குறிப்பார்கள். சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் பாரம் என்பதையும், தண்டின் மேற்பரப்பு வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் வழுக்குகிறது என்பதையும் பெருக்கினால் வரும் தொகை, சாதாரண வெண்கலப் புஷ்ஷுக்கு ஏறக்குறைய 1.75ஐத் தாண்டலாகாது. 10 மில்லிமீட்டர் தண்டு நிமிஷத்துக்கு 1,400 சுற்றுச் சுற்றினால் அதன் மேற்பரப்பின் வேகம் 0.73 மீட்டர். 10 மில்லிமீட்டர் நீளமுள்ள புஷ்ஷின்மேல் 5 கிலோ எடை ஏற்றினால் அழுத்தம் ஏறத்தாழ 0.5, பெருக்குத்தொகை 0.37, அச்சமில்லை. அதே தண்டின்மேல் 25 கிலோவை ஏற்றிப் பாருங்கள்; தொகை 1.8 ஆகி எல்லை கடந்துவிடுகிறது. விளிம்பின் முகத்துக்கு இன்னும் ஜாக்கிரதையான கணக்கு வேண்டும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள விளிம்பின் ஓரத்தில் வழுக்கும் வேகம், தண்டின் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இரு மடங்கு. அங்கே சுழலும் தண்டின் தோள், முகத்துக்கு வரும் எண்ணெயை வெளிப்புறமாக வீசியும் எறிகிறது. எனவே விளிம்பு தண்டை இடம் பெயராமல் நிறுத்துவதற்கேயன்றி, நெடுக்குவாட்டுப் பாரத்தை இடைவிடாது சுமப்பதற்கு ஏற்றதன்று.

இங்கே இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 10 மில்லிமீட்டர் உள்விட்டமும் 14 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உள்ள நம் புஷ், விளிம்பையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர் பருமன் உடையது. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் ஐந்தாறு துளிக்கு மேல் இராது. அந்தத் துளிகளே அதன் ஆஸ்தி. புஷ்ஷின் ஆயுள் பெரும்பாலும் அவை கெடாதிருக்கும் காலமே. உஷ்ணம் ஏற ஏற எண்ணெய் காற்றோடு சேர்ந்து தடித்துப் பிசினாகித் துளைகளை அடைக்கிறது. 90 பாகைக்கு மேல் சாதாரண எண்ணெய் நிறைத்த புஷ்ஷை நம்பலாகாது. முழுச் சுற்றுச் சுற்றாமல் முன்னும் பின்னும் ஆடும் நெம்புகோல்களிலும், அடிக்கடி அதிர்ச்சி தாக்கும் இடங்களிலும் எண்ணெயின் சுற்றோட்டம் நிலைபெறாது. அங்கெல்லாம் முழு வெண்கலத்தில் குழியிட்டுக் கிராபைட்டை அடைத்த புஷ்ஷே மேல்.

கெட்டுப்போன புஷ்களைப் பார்த்தால், யந்திரம் கெடுத்ததைவிட மனிதர் கை கெடுத்ததே அதிகமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கூட்டுக்குள் இறுக்கியதும் உள்விட்டம் சிறிது சுருங்கிவிட, தண்டு நுழையவில்லை என்று ரீமர் விட்டுக் கடைந்துவிடுகிறார்கள். கடையும் கருவி மேற்பரப்பின் உலோகத்தை இழுத்துத் துளைகளின் வாயையெல்லாம் மெழுகிவிடுகிறது, உள்ளே எண்ணெய் இருந்தும் வெளிவர வழியற்றுப்போகிறது. சுத்தம் செய்வதாக நினைத்துப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப்போடுகிறவர்கள் உள்ளிருந்த எண்ணெயையே கரைத்து எடுத்துவிடுகிறார்கள். காகிதத்தில் சுற்றி அலமாரியில் மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் காகிதம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்; பிளாஸ்டிக் பையே தகுந்தது. சுத்தியலால் அடித்து இறக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; விளிம்பு மூலையில் பிளந்துவிடும். தண்டின் அளவுக்குச் சற்றே பெரிதாகக் கடைந்து மெருகேற்றிய எஃகு முளையை உள்ளே செருகி, அதோடு சேர்த்து அழுத்தி இறக்கினால், சுருக்கம் அந்த முளையின் அளவோடு நின்று, துளைகளும் திறந்தே இருக்கும். மேசை மின்விசிறிகளில் புஷ்ஷைச் சுற்றிக் கம்பளி வளையம் ஒன்று இருப்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். எண்ணெயை அதில் விட்டால் போதும், புஷ்ஷின் வெளிச்சுவர் அதை ஏற்று உள்ளே கொண்டுசேர்த்துவிடும்.

புதிய புஷ் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். மாற்றுவதற்கு முன் தண்டின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுமானால் அந்தக் கீறல் புதிய வெண்கலத்தையும் சில நாளில் அராவித் தின்றுவிடும். தண்டைத் தேய்த்து மெருகேற்றிய பிறகே புஷ்ஷைப் பொருத்துங்கள்.